நூறில் நடுங்கும் கார்

இந்த நாட்டுக்கு வந்து, ஏதோ ஒரு வேலையில் அமர்ந்து, ஜி2 அனுமதிப்பத்திரமும் கைக்கு வந்ததும் எம்மவர் பலர் செய்யும் முதற் பெரிய செலவு ஒரு பழைய கார். விடியப்புறம் ஐந்து மணி வேலைக்குப் பனிக்குள் பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர்களுக்கு அது ஆடம்பரமல்ல, அவசியம். வாங்கும்போது வீட்டைச் சுற்றி நாலு தெரு ஓடிப் பார்க்கிறோம். பிறேக் பிடிக்கிறது, ஹீற்றர் சுடுகிறது, துரு அதிகமில்லை. திருப்தியோடு காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு கிழமை கழித்துக் குடும்பத்தோடு 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறும்போதுதான் அந்தக் காரின் மறுபக்கம் தெரியவருகிறது. 80 வரை ஒரு குறையும் இல்லை. 90ஐத் தாண்ட ஸ்ரியறிங் மெல்ல நடுங்குகிறது. 100இல் கை விறைக்கும் அளவுக்கு ஆடுகிறது. பின்சீற்றில் இருக்கும் அம்மா, "என்ன தம்பி, கார் இப்பிடிக் குலுங்குது?" என்கிறார்.

இதற்கு எம்மவர் செய்யும் வைத்தியம் இரண்டு. ஒன்று, பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டுவிட்டு அப்படியே ஓடுவது. மற்றது, முதலில் கண்ணிற் படும் கராஜுக்குப் போய், "கார் ஆடுது, என்னெண்டு பாருங்கோ" என்று திறப்பைக் கொடுத்துவிட்டு வருவது. முதலாவது வழியில் உயிருக்கு ஆபத்து, இரண்டாவதில் பணப்பைக்கு. நடுக்கத்துக்குக் காரணம் பத்து இருக்கலாம். சிலதைச் சில பத்து டொலரோடு தீர்க்கலாம், சிலதுக்குச் சில நூறு டொலர் வேண்டும். ஒன்றிரண்டு, அந்த நிமிடமே காரை ஓரங்கட்ட வேண்டியவை. எது எது என்று ஓரளவுக்காவது பிரித்தறிய மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. கையும் காலும் காதும் போதும்.

ஊரில் எமக்கு இந்த வருத்தம் அதிகம் பழக்கமில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் குண்டும் குழியுமான வீதியில் எந்த வேகத்திலும் குலுங்கியவைதான். 100இல் ஓடிப் பார்க்க வீதியும் இல்லை, எரிபொருளும் இல்லை. ஆனால் சைக்கிள் சில்லுக்குக் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்கள் எம்மில் பலர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, எந்த இடத்தில் முட்டுகிறது என்று பார்த்துக் கம்பியை முறுக்குவார்கள். இங்கே கார்ச் சில்லுக்குச் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். கண்ணுக்குப் பதில் இயந்திரம் பார்க்கிறது.

ஏன் 100இல் மட்டும்?

சிறிய கார்கள் பலவற்றில் இருக்கும் 195/65 ஆர்15 அளவு ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அந்தச் சில்லு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 தரம் சுற்றுகிறது. அதன் றிம்மின் ஒரு பக்கத்தில் 30 கிராம் பாரம் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நிற்கும்போது அது ஒன்றுமே இல்லை. 100இல் சுழலும்போதோ அந்த 30 கிராம், ஏறத்தாழ நாலரைக் கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு சில்லை வெளிப்புறமாக இழுக்கிறது. செக்கனுக்கு 14 தரம் மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நாலு மடங்காகும். அதனால்தான் 50இல் ஓடும்போது அதே குறை ஒரு கிலோவுக்குச் சற்று மேலான இழுவையாகச் சுருங்கி, எவருக்கும் தெரியாமற் போய்விடுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஊஞ்சலுக்கென்று ஓர் ஆட்ட வேகம் இருப்பதுபோல, ஸ்பிறிங்கின் கீழே தொங்கும் சில்லுக்கும் அதைத் தாங்கும் பாகங்களுக்கும் ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. சாதாரண கார்களில் அது செக்கனுக்கு 10 முதல் 15 தரம். 100இல் சில்லு சுற்றும் வேகமும் அதற்குள் வந்து விழுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி எகிறுமோ, அப்படி ஆட்டம் எகிறுகிறது. அதைத் தாண்டினால் சில கார்களில் நடுக்கம் குறைவதும் உண்டு. "120இல் ஓடினால் ஆடாது" என்று சில இளைஞர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பது இதைத்தான். ஒன்ராறியோவின் 400 வரிசை நெடுஞ்சாலைகளில் எல்லை 100; சில பகுதிகளில் மட்டும் 110. நடுக்கத்துக்குத் தப்பி ஓடினால் அபராதச் சீட்டில் மாட்டவேண்டியதுதான்.

எங்கே தெரிகிறது, எப்போது தெரிகிறது

முதலில் கவனிக்க வேண்டியது நடுக்கம் எந்த இடத்தில் தெரிகிறது என்பது. ஸ்ரியறிங்கில் தெரிந்தால் குறை பெரும்பாலும் முன்சில்லுகளில். ஸ்ரியறிங் அமைதியாக இருக்க, சீற்றும் காலடித் தளமும் அதிர்ந்தால் பின்சில்லுகளைச் சந்தேகிக்க வேண்டும். வேகத்தோடு மட்டும் வந்து போகும் நடுக்கம், பிறேக்கும் பிடிக்காமல் காஸும் மிதிக்காமல் சீராக ஓடும்போதும் இருக்குமானால், பத்தில் பெரும்பங்கு சில்லின் பாரச் சமநிலை பிழைத்ததுதான். பலன்சிங் என்று கேட்டால் எந்த ரயர் கடையிலும் செய்துதருவார்கள். றிம்மில் ஒட்டியிருந்த சிறிய பாரக்கட்டி விழுந்திருந்தாலே போதும், இந்த நடுக்கம் வந்துவிடும். சில்லில் பழைய பசை அடையாளம் மட்டும் இருந்து கட்டியைக் காணாவிட்டால் அதுவே சாட்சி.

முன்னா பின்னா என்று குழப்பமாக இருந்தால் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரே பக்கத்திலுள்ள முன்சில்லையும் பின்சில்லையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டு, அதே வீதியில் அதே வேகத்தில் ஓடிப்பாருங்கள். மற்றப் பக்கத்துக்கும் அப்படியே செய்யுங்கள். ஸ்ரியறிங்கில் இருந்த நடுக்கம் சீற்றுக்குப் போய்விட்டால் குறை சில்லோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. ரயர் அல்லது றிம்தான் குற்றவாளி. இடம் மாறாமல் அப்படியே இருந்தால் அச்சு, பிறேக், ஸ்ரியறிங் மூட்டுகள் பக்கம் தேட வேண்டும். பல நூறு டொலர் வீண்செலவைத் தடுக்கக்கூடிய சோதனை இது. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு ரயர் பூட்டிய கார்களுக்கு மட்டும் இது சரிவராது.

பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அது பலன்சிங் அல்ல, பிறேக் றொட்டர். தகட்டின் தடிப்பு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்துவிட்டதால், பிறேக்கின் பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் இறுகி இறுகித் தளர்கிறது. காலுக்கடியில் பெடலும் துடிக்கும்.

காஸை மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்து உருளவிட்டதும் குறைந்தால் எஞ்சினிலிருந்து முன்சில்லுக்குப் போகும் அச்சின் உட்புற மூட்டு தேய்ந்திருக்கக்கூடும். சி.வி. மூட்டு என்று மெக்கானிக் சொல்வார். அதன் வெளிப்புற மூட்டு பழுதானால் ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டித் திரும்பும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். பின்சில்லால் இழுக்கும் வான்களிலும் பிக்கப்களிலும் காரின் அடியில் நீளவாட்டில் ஓடும் தண்டையும் பார்க்க வேண்டும். காரை நிறுத்திவைத்து, பார்க்கில் போட்டுக் காஸைக் கொடுத்தாலே அதிர்கிறது என்றால் சில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சினையோ அதைத் தாங்கும் றப்பர்களையோ பார்க்க வேண்டும்.

நடுக்கத்தோடு விமானம் இரைவதுபோல் ஒரு ஹம்மென்ற சத்தமும் சேர்ந்து, வளைவுகளில் அது கூடிக் குறைந்தால் சில்லுப் பெயாரிங். இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சில்லுகளில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். இதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

அலைன்மென்ற் பற்றி ஒரு வார்த்தை. "கார் ஆடுது" என்றதும் அலைன்மென்ற் செய்து அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அலைன்மென்ற் பிழைத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஒரு ஓரத்தில் தேயும். அது மட்டும் காரை 100இல் நடுங்க வைக்காது. அப்படித் தேய்ந்த ரயர் பின்னாளில் நடுங்கலாம் என்பது வேறு கதை.

பனிக்காலத்து நடுக்கங்கள்

வந்த முதற் பனிக்காலத்தில் பலரைப் பயமுறுத்துவது இது. இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கும். காலையில் காரைச் சுரண்டித் துடைத்து எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால், நேற்றுவரை நன்றாக ஓடிய கார் 60, 70இலேயே கண்டபடி குலுங்கும். றிம்மின் உட்புறத்தில் அள்ளுண்டு இறுகிய பனிதான் காரணம். முப்பது கிராமுக்கே நாலரைக் கிலோ விசை என்றால், ஒரு பிடி பனிக்கட்டிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கராஜுக்கு ஓட வேண்டாம். தூரிகைப் பிடியால் உட்புறப் பனியைத் தட்டி எடுங்கள், அல்லது கார் கழுவும் இடத்தில் அமுக்கத் தண்ணீரை றிம்முக்குள் அடியுங்கள். வீட்டிலிருந்து கொதிநீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டாம். குளிர்ந்த உலோகத்துக்கு அது கூடாது. போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரும் அங்கேயே உறைந்துவிடும்.

கடுங்குளிரில் இரவு முழுவதும் நின்ற காரின் ரயர்கள் நிலத்தில் பட்ட பக்கம் சற்றுத் தட்டையாகி, முதற் சில கிலோமீற்றர் 'தடக் தடக்' என்று ஓடி, சூடேறியதும் சரியாவதும் உண்டு. அது நோயல்ல.

மார்கழிக்கு முன்னும் சித்திரையிலும் ரயர் மாற்றும் காலம் வருகிறது. இந்த இரண்டு காலத்துக்கும் பிறகு வரும் நடுக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சில்லின் நட்டுகள் சரியாக இறுகாமல் இருக்கலாம். சில்லு உட்காரும் இடத்தில் உப்பு அரித்த துரு படிந்திருந்தால், இறுக்கிய நட்டும் ஓட ஓட இளகும். மாற்றுகிறவர் அந்தத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாரா என்று கேளுங்கள். தெரிந்த தம்பி ஒருவர் கார்த் தரிப்பிடத்தில் நாலு சில்லையும் மாற்றித் தந்தால் நன்றிதான், ஆனால் காலால் மிதித்து இறுக்கியது போதாது. அளவு காட்டும் டோர்க் சாவியால், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை திரும்பவும் பார்க்க வேண்டும். கடையில் மாற்றினால் இதற்கு அநேகமாகப் பணம் கேட்கமாட்டார்கள். ஆனால் எம்மவர் திரும்பிப் போவதுதான் இல்லை.

நடுக்கம் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டு போனாலோ, 'டொக் டொக்' என்ற இடிச்சத்தம் சேர்ந்தாலோ, வேகத்தைக் குறைத்த பின்னும் கார் தள்ளாடினாலோ, அதற்குமேல் ஒரு வெளியேற்றம்வரைகூட ஓட்ட வேண்டாம். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பிறேக்கை அடித்துப் பிடிக்காமல் மெல்ல மெல்ல வலது ஓரத்துக்கு எடுத்து நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் கழன்று உருண்டு வரும் சில்லு எதிரே வருபவரின் உயிரையே எடுக்கும்.

பங்குனி, சித்திரையில் வீதியெங்கும் குழி. குழிக்குள் விழுந்தால் றிம் நெளியலாம். ரயரின் உள்ளிருக்கும் நூல்கள் அறுந்து பக்கச்சுவரில் பொக்குளம் போல் வீங்கலாம். வீங்கிய ரயருக்கு ஒட்டுப்போட முடியாது. எப்போது வெடிக்கும் என்று எவராலும் சொல்லவும் முடியாது. இத்தகைய குறைகள் 100வரை காத்திராமல் 30, 40இலேயே காரைத் தள்ளாட வைப்பதும் உண்டு. காரை நிறுத்தி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு ரயரைச் சுற்றித் தடவிப் பாருங்கள். தேய்ந்த ரயரில் உருக்குக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், ஆகவே வெறுங்கை வேண்டாம்.

எமக்குத் தெரிந்த ஸ்காபரோக் குடும்பம் ஒன்றின் கதை இது. கணவன், மனைவி இருவரும் தொழிற்சாலை வேலை. வாங்கிய கார் 105இல் சீற்றோடு அதிர்ந்தது. முதற் கராஜில் அலைன்மென்ற். பிறகு முன் பிறேக் றொட்டர். அதன் பிறகு ஸ்ரியறிங் மூட்டுகள். மூன்று தரமும் பணம் கட்டினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. நாலாவதாகப் போன ரயர் கடையில் இருந்த பெரியவர் காரைத் தொடவுமில்லை. "அதிர்ச்சி கையிலா, சீற்றிலா?" என்று கேட்டார். சீற்றில் என்றதும் பின்சில்லுகளைக் கழற்றி இயந்திரத்தில் போட்டுச் சுழற்றினார். இடப்பக்கப் பின் ரயரின் உட்பட்டி விலகி, ஒரு பக்கம் மேடாகியிருந்தது. பட்டி முழுதாகப் பிரிந்து ரயர் வெடித்திருந்தால் பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள். முன்பு செய்த மூன்று வேலையும் காரின் முன்பக்கத்தில், குறையோ பின்னால். அந்தக் கேள்வியை முதல் நாளே யாரும் கேட்கவில்லை, இவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த ரயர் காரோடு வந்த பழைய ரயர். பாவித்த ரயர் வாங்குபவர்கள் பக்கச்சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. சில ரயர்களில் இந்த இலக்கம் உட்பக்கம் மட்டும் இருக்கும். பூ ஆழமாக இருக்கிறது என்பதற்காக வயதான றப்பரை வாங்குவது, பழைய பாணைப் புதுப் பையில் போட்டு வாங்குவது போன்றது.

கராஜில் என்ன சொல்வது

"கார் ஆடுது" என்ற இரண்டு சொல்லோடு போகாதீர்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, கையிலா சீற்றிலா, பிறேக்கிலா காஸிலா, எதற்குப் பிறகு வந்தது என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடக்கினால் 'ஸ்ரியறிங் ஷேக்ஸ் அற் வன் ஹண்ட்றட், நொற் வென் பிறேக்கிங்' என்ற ஒரு வரி போதும். விஷயம் தெரிந்த மெக்கானிக் அதிலேயே பாதி வேலையை முடித்துவிடுவார். முடிந்தால் அவரையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓடிக் காட்டுங்கள். பலன்சிங் செய்தும் நடுக்கம் நிற்காவிட்டால், ரயரை உருளையால் அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் உள்ள கடையாகத் தேடுங்கள். சாதாரண இயந்திரத்துக்குப் பிடிபடாத ரயர்க் கோணல் அதில் தெரியும். வெளியே வாங்கிய அழகு றிம் பூட்டியிருந்தால், அதன் நடுத்துளை காரின் அச்சுக்குச் சரியாகப் பொருந்துகிறதா, இடைவளையம் வேண்டுமா என்றும் கேளுங்கள்.

ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்குச் சட்டம் கைகொடுக்கிறது. 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கராஜ் வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். வேண்டாம் என்று நீங்களே சொல்லி, ஓர் உச்சத் தொகைக்குச் சம்மதித்தால் மட்டும் விதிவிலக்கு. முடிவில் அந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக வாங்க முடியாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கலாம்; வேலை தொடங்குமுன்பே கேட்டுவிடுங்கள். மொழி தெரியாதவர் என்பதற்காக இந்த உரிமை குறைவதில்லை. எம்மவர் நடத்தும் கராஜ் என்பதற்காக எழுத்து வேண்டாமென்று விடுவதும் சரியல்ல. "அண்ணை, ஒரு எஸ்ரிமேற் எழுதித் தாங்கோ" என்று கேட்டால் நல்ல அண்ணை கோபிக்கமாட்டார்.

இனிமேல்தான் கார் வாங்கப் போகிறீர்களென்றால், விற்பவரின் சம்மதத்தோடு நெடுஞ்சாலையில் பத்து நிமிடமாவது ஓடிப்பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, 100இல் ஸ்ரியறிங்கை இரண்டு விரலால் தொட்டுப் பிடித்துப் பாருங்கள். நேரான, வெறிச்சோடிய பகுதியில் பார்ப்பது நல்லது. "சேஃப்ற்றி இருக்கு" என்ற பேச்சில் மட்டும் நம்பிக்கை வைக்க வேண்டாம். பாதுகாப்புத் தரச் சான்றிதழ் என்பது, அன்றைக்குப் பார்த்தபோது குறித்த சில பாகங்கள் குறைந்தபட்ச அளவுக்கு இருந்தன என்பதைத்தான் சொல்கிறது. 36 நாள்தான் அது செல்லும். உத்தரவாதப் பத்திரம் அல்ல.

திருத்திய காரை எடுத்ததும் வீட்டுக்கு நேரே போகாமல், முன்பு நடுங்கிய அதே வீதியில் அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். நின்றிருந்தால் சரி. நிற்காவிட்டால் பற்றுச்சீட்டோடு அன்றைக்கே திரும்பிப் போங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. அந்தப் பற்றுச்சீட்டைக் காரின் கையேட்டோடு சேர்த்து முன்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.